நான் கை வைக்காத பாகத்துக்கும் வாரண்டி இல்லை என்றது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
கம்ப்யூட்டர் டைப்பிங், ஜெராக்ஸ் கடை,
காசிமேடு, சென்னை – 600 013.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 10.11.2025

பொருள்: 14.06.2024 அன்று வாங்கிய வயர்லெஸ் மவுஸின் ரிசீவர் செயலிழந்தது, வாரண்டி மறுக்கப்பட்டது, மாற்று ரிசீவர் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

போன மாதம் 17ஆம் தேதி உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி மவுஸைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டையை நகத்தால் நெருடிப் பார்த்தார். "இதை யாரோ பிரிச்சிருக்காங்க மேடம், வாரண்டி கிடையாது" என்றார். பிரித்தது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் பழுது மவுஸில் இல்லை, கம்ப்யூட்டரில் செருகும் ரிசீவரில் என்று சொன்னேன். அவர் அந்த ரிசீவரைக் கையில்கூட வாங்கவில்லை. 'அங்கீகாரமற்ற பழுதுபார்ப்பு' என்று ஒரு வரி அடித்துச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த ரிசீவர் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கிறது. அதில் ஸ்க்ரூ கிடையாது, இடுக்கு கிடையாது. திறக்க வேண்டும் என்று நினைத்தாலும் உடைக்காமல் திறக்க முடியாது. என் கடையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரிலும், பக்கத்து மெடிக்கல் ஷாப் கம்ப்யூட்டரிலும் செருகிப் பார்த்தேன். எதிலுமே ஒரு பொருள் செருகப்பட்டதாகவே காட்டவில்லை. நான் கை வைக்காத, கை வைக்கவே முடியாத பாகம் கெட்டதற்கு, நான் கை வைத்த வேறொரு பாகத்தைக் காரணம் காட்டியிருக்கிறீர்கள். இதை ஏற்றுக்கொள்ள முடியாமல்தான் எழுதுகிறேன்.

மவுஸை ஏன் பிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சீட்டில் அதற்கு இடமில்லை.

வாங்கிய ஏழாவது மாதம், 2025 ஜனவரியில், இடது பட்டன் தகராறு செய்ய ஆரம்பித்தது. ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவையாக எடுத்துக்கொண்டது. பிரிண்ட் எடுக்கும்போது காப்பி எண்ணிக்கையை ஒன்று கூட்டினால் இரண்டு கூடிவிடும். கவனிக்காமல் விட்டால் பேப்பர் நஷ்டம். அதைவிடத் தொந்தரவு, எதையாவது அழுத்திப் பிடித்து இழுக்கும்போது பாதி வழியில் தானாகக் கைவிட்டுவிடும். முதியோர் பென்ஷனுக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பாட்டியின் போட்டோவை அளவாக வெட்ட, அன்றைக்கு நான்கு தடவை கட்டம் இழுத்தேன். அந்த அம்மா தன் போட்டோவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பயந்துவிட்டார்.

எனக்கு மனசு ஆறாத சம்பவம் இன்னொன்று. எங்கள் பக்கத்தில் போன் தண்ணீரில் விழுவதும் டிஸ்பிளே உடைவதும் அன்றாட விஷயம். படம் தெரியும், டச் மட்டும் வேலை செய்யாது என்கிற நிலையில் நிறைய பேர் கொண்டு வருவார்கள். ஓடிஜி கனெக்டர் ஒன்றை போனில் செருகி, அதில் மவுஸ் ரிசீவரைச் செருகினால், போன் திரையில் அம்புக்குறி வந்துவிடும். விரல் செய்ய வேண்டியதை மவுஸ் செய்யும். லாக்கைத் திறந்து, உள்ளே இருக்கும் படங்களை மெமரி கார்டுக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். பல போன்களை இப்படி மீட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்று வந்த அண்ணன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மகள் வளைகாப்பு போட்டோ மொத்தமும் அந்த போனில்தான் இருந்தது, வேறு எங்கும் காப்பி இல்லை. போட்டிருந்தது பேட்டர்ன் லாக். பட்டனை அழுத்திப் பிடித்தபடி புள்ளி புள்ளியாக இழுக்க வேண்டும். ஐந்தாவது புள்ளிக்குப் போவதற்குள் மவுஸ் விட்டுவிடும். நான்கு புள்ளியைத் தொட்டுவிட்டாலே போன் அதை ஒரு தவறான முயற்சியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். ஐந்து தவறு ஆனால் 30 வினாடி காத்திருக்க வேண்டும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேட்டர்னை மறந்துவிட்டுத் தப்பாகப் போடுகிறேன் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. கடைசியில் வீட்டுக்கு ஓடி, பையனின் பழைய வயர் மவுஸை எடுத்து வந்துதான் திறந்தேன்.

அதற்குப் பிறகு உங்களுக்கே அனுப்பினேன். முறைப்படி செய்ய வேண்டியதை முதலில் முறைப்படிதான் செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 3ஆம் தேதி கூரியரில் அனுப்பியது மார்ச் 6ஆம் தேதி திரும்பி வந்தது. ஒரு மாதத்துக்கு மேல். 'பழுது எதுவும் இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கோளாறு எல்லா கிளிக்கிலும் வராது, இருபதுக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று என்று வரும். நாலு தட்டு தட்டிப் பார்த்தால் நல்ல மவுஸ்தான். அனுப்பும்போதே இதைத் தெளிவாக எழுதி வைத்திருந்தேன், கூடவே ஒரு வீடியோவும் அனுப்பினேன். யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

திரும்பி வந்த இரண்டாம் நாளே பழைய கதை. கொஞ்ச நாள் விண்டோஸ் செட்டிங்கில் முதன்மை பட்டனை இடதிலிருந்து வலதுக்கு மாற்றி வைத்து ஓட்டினேன். எனக்குப் பழகிவிட்டது. கடையில் உதவிக்கு இருக்கும் தங்கைக்குப் பழகவில்லை, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தடுமாறினாள். ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. அந்த 61 நாளும் ஆண்கள் கரையில் இருப்பார்கள், ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகள் சர்டிபிகேட் என்று தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அப்போதுதான் கடைக்கு வரும். இன்னொரு மாதம் மவுஸை உங்களிடம் அனுப்பிவிட்டு உட்கார என்னால் முடியாது.

அதனால் பிரித்தேன். என் அப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் பிட்டராக இருந்தவர். எதைக் கழற்றினாலும் செய்தித்தாளை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஸ்க்ரூவை வைத்து, பக்கத்தில் பேனாவால் எண் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர். அப்படித்தான் செய்தேன். உங்கள் மவுஸில் ஸ்க்ரூ எதுவும் வெளியே தெரியவில்லை. தலைமுடி உலர்த்தும் டிரையரால் லேசாகச் சூடு காட்டி வழுக்குப் பட்டையைத் தூக்கினால் நான்கு ஸ்க்ரூ இருக்கின்றன. உள்ளே பேட்டரியைக் கழற்றிவிட்டு, இடது பட்டனுக்குக் கீழே இருக்கும் சின்ன ஸ்விட்ச்சின் மூடியை ஊசி முனையால் நெம்பினேன். உள்ளே ஒரு செம்புத் தகடு, தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அது கீழே தொடுகிற புள்ளியில் கறுத்துப் போயிருந்தது, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது.

என் கடையிலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் பொரிந்துவிடுகிற இடம். செம்பு கறுக்கத்தான் செய்யும், அதை நான் உங்கள் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் பேட்டரி நீண்ட நாள் வர வேண்டும் என்பதற்காக அந்த ஸ்விட்ச் வழியே மிகக் குறைந்த வோல்ட்டில், மிக மெல்லிய கரண்ட்தான் விடுகிறீர்கள். கறுத்த படலத்தைத் தாண்டிப் போக அதற்குத் தெம்பு போதாமல் தொடர்பு விட்டு விட்டு வருகிறது. அதை மவுஸ் இரண்டு கிளிக் என்று எண்ணிக்கொள்கிறது. முதல் தொடர்புக்குப் பிறகு சில மில்லிவினாடி பொறுத்து எண்ணும்படி மவுஸுக்குள் இருக்கும் மென்பொருளில் வைத்திருந்தாலே பாதி தொந்தரவு குறைந்திருக்கும். உலோகம் தொடவே தேவையில்லாத, ஒளியால் இயங்கும் ஸ்விட்ச் போட்ட மவுஸ்களும் சந்தையில் இருக்கின்றன. கடற்கரை ஊர்களில் விற்கும் நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்காது.

முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பேப்பர் துண்டை நனைத்துத் தொடர்புப் புள்ளியைத் துடைத்தேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, மறுபடியும் வந்துவிட்டது. அப்புறம் ரிச்சி தெருவுக்குப் போய் அதே அளவு ஸ்விட்ச் இரண்டு வாங்கினேன், ஒன்று 25 ரூபாய். அதற்கு மூன்று கம்பிக் கால்கள்தான். பழையதைச் சூடு காட்டி எடுத்துவிட்டு, புதியதை வைத்து சால்டர் செய்தேன். அரை மணி நேர வேலை. அன்றிலிருந்து ரிசீவர் கெட்டுப்போன நாள் வரை அந்த இடது பட்டன் ஒரு தடவைகூடத் தவறவில்லை. செப்டம்பரில் ரிசீவர் போன பிறகும், பட்டனை மல்டிமீட்டர் வைத்துச் சோதித்தேன், சுத்தமாக இருக்கிறது. 1,895 ரூபாய் பொருள், 25 ரூபாய் பாகத்தால் படுத்துக் கிடந்தது. உங்கள் ஆட்கள் ஒரு மாதம் வைத்திருந்து கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். அதற்குத்தான் இப்போது வாரண்டி போய்விட்டது என்கிறீர்கள்.

ரிசீவர் விஷயத்திலும் அவசரப்பட்டு உங்களிடம் வரவில்லை. முதலில் அம்புக்குறி அங்கங்கே நின்று நின்று நகர்ந்தது. நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் விழும், மவுஸும் அதே அலையில்தான் பேசுகிறது. அதனால் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ரிசீவரை மேஜை முன்பக்கம் கொண்டு வந்தேன், சரியானது. ஒரு மாதம் கழித்து ஒருநாள் காலையில் முழுசாகவே உயிர் போய்விட்டது. ரிசீவரை மட்டும் தனியாக விலைக்குத் தருகிறீர்களா என்று உங்கள் உதவி எண்ணில் கேட்டேன். தனியாக விற்பதில்லை, புது மவுஸ் வாங்குங்கள் என்று பதில் வந்தது.

புது மவுஸ் வாங்கினால் இந்த நல்ல மவுஸ் குப்பைக்குத்தான் போகும். எங்கள் பகுதிக் குப்பை எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியும். கொடுங்கையூர் பக்கம் குடியிருக்கிறவர்களிடம் கேட்டால் அந்தப் புகையைப் பற்றிச் சொல்வார்கள். வேலை செய்கிற ஒரு பொருளை அங்கே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. போனில் பேசியபோது, "நீங்க கடைக்கு வாங்கினது, அதனால நுகர்வோர் புகார் செல்லாது" என்று உங்கள் ஊழியர் சொன்னார். அது தவறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'வணிக நோக்கம்' என்பதற்கு விளக்கம் இருக்கிறது. சுயதொழில் செய்து வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் பயன்படுத்தும் பொருள் அதில் சேராது. நானும் என் தங்கையும் உட்கார்ந்து உழைக்கிற கடை இது. எனவே நான் நுகர்வோர்தான். அதேபோல, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளமே தொடங்கியது. பொருளைச் சொந்தக்காரர் திறந்து பார்ப்பதைக் குற்றம்போல நடத்தும் வழக்கத்தை அரசே மாற்றச் சொல்லும் காலம் இது. அமெரிக்காவில் 'ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி இல்லை' என்று எழுதிய நிறுவனங்களுக்கு அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2018லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

நான் கேட்பது இதுதான். என் மவுஸுடன் சேரும் மாற்று ரிசீவர் ஒன்றைக் கொடுங்கள். அது முடியாது என்றால் முழு மவுஸை மாற்றிக் கொடுங்கள், அல்லது 1,895 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். ஸ்விட்ச் மாற்றியதால்தான் ரிசீவர் கெட்டது என்று இன்னும் சொல்வீர்களானால், எப்படி என்பதை உங்கள் இன்ஜினியர் கையெழுத்தோடு எழுதித் தாருங்கள். இடது பட்டனை நான் மாற்றியதால் அந்த பட்டனுக்கு இனி வாரண்டி இல்லை என்று சொல்லுங்கள், அதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கூடவே, ரிசீவர், ஸ்விட்ச், வழுக்குப் பட்டை இந்த மூன்றையும் தனியாக விலைக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள். என்னைப் போன்ற கடைக்காரர்கள் வடசென்னையில் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறோம். நல்ல பாகம் கிடைத்தால் காசு கொடுத்து உங்களிடமே வாங்குவோம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்துவிட்டு, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதும், இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

பில் நகல், பிப்ரவரி கூரியர் ரசீது, 'பழுது இல்லை' என்று நீங்கள் எழுதிய தாள், அக்டோபர் 17 சீட்டு, ரிசீவரின் இரண்டு பக்கப் போட்டோ ஆகியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கழற்றிய பழைய ஸ்விட்ச்சை ஒரு சின்ன கவரில் போட்டு, தேதி எழுதிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் இன்ஜினியர் பார்க்க விரும்பினால் அதையும் அனுப்பி வைக்கிறேன், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கடை உரிமையாளர், காசிமேடு.