டோக்கன் தரும் கைகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலில் மீன்பிடிக்க உரிமமும் டோக்கனும் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பாக் நீரிணைக் கரையில் நாட்டுப்படகு வைத்துப் பிழைக்கிற குடும்பத்துப் பெண் நான். என் கணவரும் கொழுந்தனும் கடலுக்குப் போகிறார்கள். நண்டு வலை கோர்ப்பது, கிழிசல் பார்ப்பது, கரைக்கு வந்த வலையிலிருந்து நண்டு கழற்றுவது, கடன் கணக்கு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு.

இது தடைக்காலம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாளைக்கு விசைப்படகுகள் கரையில் நிற்கும். இந்த நாட்களில் எங்கள் வலை எப்படி வருகிறது என்று ஒரு நாள் விடியற்காலையில் வந்து பாருங்கள். போட்ட இடத்தில் மிதப்பு நிற்கிறது. போட்ட வலை முழுசாகத் திரும்பி வருகிறது. அதே கடல், அதே ஆட்கள், அதே வலை. விசைப்படகுகள் மடி, அதாவது கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை வலை, இழுப்பது நின்றது, அது ஒன்றுதான் வித்தியாசம். இதற்கு மேல் எங்களிடம் வேறு சாட்சி கேட்காதீர்கள்.

மார்ச் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு விசைப்படகுகளின் முறைநாள். வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு, நான்கு நாள் எங்களுக்கு என்று பெரியவர்கள் காலத்திலிருந்தே இங்கே நடைமுறை இருப்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எங்கள் ஆட்கள் தூரம் போகவில்லை. கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள், மூன்று பாகம் (ஏறக்குறைய ஐந்தரை மீட்டர்) ஆழத் தண்ணீரில் வலையை விட்டுவிட்டு வந்தார்கள். 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்று நீங்களே விதி வைத்திருக்கிறீர்கள், அந்த நம்பிக்கையில்.

விடிந்து போய்ப் பார்த்தால் மிதப்பைக் காணவில்லை. கொழுந்தன் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடி, முக்கால்வாசி வலை போக மீதியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்தது நான்தான். மேல் கயிறு ஒரே வெட்டாக அறுந்திருந்தது, கத்தி வைத்து அறுத்தது. கடலடிப் பாரில், அதாவது பாறையில், மாட்டிக் கிழிந்த வலை அப்படி இருக்காது, அதில் நூல் பிய்ந்து பிசிறு நிற்கும். மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் மடிப்பலகை இழுத்துக்கொண்டு போன இடத்தில் வலை முறுக்கேறித் தடித்த கயிறாகிக் கிடந்தது. அந்த முறுக்குக்குள்ளே நண்டின் ஓடு நொறுங்கிப் போய்க் கால் மட்டும் கண்ணியில் நின்றது. ஒவ்வொரு காலாகக் கழற்றிப் போட்டேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வலை வாங்கிய 60,000 ரூபாய்க் கடனில் மூன்று தவணைதான் கட்டியிருந்தோம்.

அந்த இரவு எங்கள் வலைக்குப் பக்கத்தில் மடி இழுத்த படகின் எண்ணை வேறொரு வள்ளத்துக்காரர்கள் பார்த்திருந்தார்கள். எண்ணையும் இடக்குறிப்பையும் எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இருட்டில், ஆடுகிற வள்ளத்தில் நின்று எப்படிப் போட்டோ எடுப்பது? சரி, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். நான்கு முறை நடந்த பிறகு, அந்தப் படகுக்கு அபராதம் போட்டாயிற்று என்றார்கள். மனசு கொஞ்சம் ஆறியது. அடுத்த முறைநாளில் அதே படகு கடலுக்குப் போக அனுமதிச் சீட்டான டோக்கனை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனதைக் கரையில் நின்று பார்த்தேன்.

ஐயா, அம்மா, இந்த மடலை எழுத வைத்தது அந்தக் காட்சிதான்.

அபராதம் எங்களை மாதிரி வள்ளக்காரர்களுக்குப் பெரிய அடி. ஒரே இழுப்பில் இறாலும் கணவாயுமாக அள்ளி வருகிற படகுக்கு அது டீசல் செலவோடு சேர்ந்த இன்னொரு செலவு. அதைக் கட்டிவிட்டு மறுபடியும் கரைக்குள் வந்து இழுத்தாலும் அவர்களுக்கு லாபம்தான். ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: 5 கடல் மைலுக்குள் மடி இழுத்தது உறுதியானால், அந்தப் படகின் உரிமத்தை நிறுத்தி வையுங்கள். உரிமம் நிற்கிற வரைக்கும் டோக்கனும் தராதீர்கள், மானிய டீசலும் தராதீர்கள்.

இதற்குப் புதிதாக ஒரு சட்டமும் வேண்டாம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே உரிமத்தை நிறுத்தவும் ரத்து செய்யவும் இடம் இருக்கிறது. ஆள் போதவில்லை, ரோந்துப் படகு போதவில்லை என்று கேட்கிற போதெல்லாம் சொல்கிறீர்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். நான் கேட்பதற்கு ரோந்துப் படகு எதற்கு? டோக்கன் உங்கள் மேசையில் இருக்கிறது. கையெழுத்து உங்களுடையது. எந்தப் படகு எங்கே நின்றது என்று காட்டும் டிரான்ஸ்பாண்டரையும் நீங்கள்தான் பொருத்திக் கொடுத்தீர்கள். அதை அணைத்து வைத்துவிட்டுப் போகிற படகுக்கு மறுநாள் ஏன் டோக்கன் கிடைக்க வேண்டும்?

மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கிற சுருக்குமடி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் என்ன சொன்னது? 12 கடல் மைலுக்கு வெளியே மட்டும், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள், கண்காணிப்புக் கருவியோடு. ஒரு வலைக்கு நாளும் நேரமும் தூரமும் குறித்துக் கட்டுப்படுத்த முடியும் என்றால், இழுவை மடிக்கு ஏற்கெனவே இருக்கிற ஒரு எல்லையைக் காப்பாற்ற ஏன் முடியவில்லை?

மடியின் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஏலக்கூடத்தில் ஓர் ஓரமாகக் குவித்து வைத்திருக்கும் சங்காயத்தை, அதாவது கழிவு மீனை, யாராவது கிளறிப் பார்த்தீர்களா? விரல் நீளத்துக்கு சீலாக்குஞ்சு, காசு அகலத்துக்கு நண்டுக்குஞ்சு. எல்லாம் காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போகிறது. அந்த நண்டுக்குஞ்சு வளர்ந்துதான் என் வலைக்கு வர வேண்டும். 2022இல் இதே கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகம் என்று அறிவித்தீர்கள். சந்தோஷப்பட்டோம். வலையில் கடற்பசு மாட்டினால் வலையை அறுத்தாவது உயிரோடு விடுங்கள் என்று எங்களுக்கு வகுப்பெடுத்தீர்கள், சரி என்றோம். அது மேய்கிற கடல் தாழைப் புல்லை வேரோடு வாரிக்கொண்டு போகிற பலகைக்கு யார் வகுப்பெடுப்பது?

விசைப்படகில் போகிறவர்கள் எங்களுக்குப் பகையாளிகள் இல்லை. என் தம்பியே விசைப்படகில் கூலிக்குப் போனவன்தான். வெளியே போனால் எல்லைக்கோடு, இலங்கைக் கடற்படை. உள்ளே வந்தால் எங்கள் வலை. நடுவில் அவர்களுக்குக் கிடைக்கும் கடல் குறுகல் என்பது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் 2017இல் ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுகளுக்கு மாறும் திட்டம் வந்தது. மூன்றே ஆண்டில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றப் போவதாகச் சொன்னார்கள். மாறியது அதில் எத்தனை என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு மானியம் போக மீதியைப் புரட்ட முடியாதவர்கள் பழைய மடியோடு நின்றுவிட்டார்கள். அந்தத் திட்டம் தடுமாறியதன் விலையை எங்கள் வலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு வழி செய்யுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அதுவரைக்கும் எங்கள் கரைக்கடலை அவர்களுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். கேட்க வந்ததற்கு வருகிறேன்.

தடைக்காலம் முடிவதற்குள் விசைப்படகுகளை ஆய்வு செய்ய வருவீர்கள். நீளம் அளப்பீர்கள், இன்ஜினின் குதிரைத்திறன் பார்ப்பீர்கள், பதிவு எண் சரிபார்ப்பீர்கள். அன்றைக்கு ஒவ்வொரு படகின் மேலும் போன ஆண்டில் வந்த புகாரையும் போட்ட அபராதத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று பணிவோடு கேட்கிறேன். கரைக்குள் மடி இழுத்ததாக உறுதியான படகின் உரிமத்தை அங்கேயே நிறுத்தி வையுங்கள். அந்தப் படகுகளின் எண்களை ஏலக்கூடத்துச் சுவரில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்டுங்கள்.

ஜூன் 15 அன்று விசைப்படகுகள் கடலுக்கு இறங்கும். புது வலை கோர்த்து முடித்துவிட்டேன், இதுவும் கடன்தான். அதைக் கரைக்கடலில் விடலாமா என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டுப்படகுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி