கோட்டில் நடக்க வைத்துக் குடியை அளக்க வேண்டாம்: போக்குவரத்து அமைச்சருக்கு ஒரு மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், சாட்ஸ்வர்த், டர்பன்.

பெறுநர்: மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அவர்கள், பிரிட்டோரியா.

பொருள்: சாலையோரத்தில் நடக்கவும் ஒற்றைக் காலில் நிற்கவும் வைத்துப் போதையைத் தீர்மானிப்பதை முறைப்படுத்தக் கோருவது.

வணக்கம். நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6வது பிரிவில் தமிழின் பெயரும் இருக்கிற துணிவில் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலப் படியை மகள் தயாரித்து இணைத்திருக்கிறாள்.

எனக்கு 68 வயது. முப்பது வருடம் பஸ் கிளட்சை மிதித்தே இடது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. (இப்போது ஓட்டுவது ஆட்டோமேட்டிக் கார். இடது காலுக்கு அதில் வேலையே இல்லை.) போன டிசம்பரில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து இரவு திரும்பும்போது சாலைத் தடுப்பில் நிறுத்தினார்கள். ஊதும் கருவி வேலை செய்யவில்லையாம். குதிகாலை விரலோடு ஒட்டி வைத்துக் கோட்டில் நடக்கச் சொன்னார் அதிகாரி. மூன்றாவது அடியில் சாய்ந்தேன். அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். கால்சட்டை மாட்டவே சுவரைப் பிடிக்கிறவன் நான். முழங்காலைப் பற்றிச் சொன்னேன். "எல்லோரும் ஏதாவது சொல்வார்கள்" என்றார். இரத்தம் எடுத்தார்கள், அன்றிரவு லாக்கப். மது இல்லை என்ற முடிவு வர ஏழு மாதம் ஆனது. அதுவரை கோவிலில் என்னைப் பார்த்தவர்களின் பார்வையைப் பற்றி இங்கே எழுதவில்லை.

இந்தச் சோதனைகள் அமெரிக்காவில் முறைப்படுத்தப்பட்டவை. அங்கே 1981இல் வெளியான ஆய்விலேயே கோட்டு நடை நூற்றுக்கு 68 தடவையும், ஒற்றைக் கால் 65 தடவையும்தான் சரியாகச் சொன்னது. 65 வயதைத் தாண்டியவர்களும், முதுகு, கால், உள்காதுக் கோளாறு உள்ளவர்களும் இதில் தடுமாறலாம் என்று அவர்களுடைய பயிற்சிக் கையேடே எச்சரிக்கிறது. என்னிடம் யாரும் வயதுகூடக் கேட்கவில்லை.

நம் 1996ஆம் ஆண்டு தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 65வது பிரிவு, 100 மில்லி இரத்தத்துக்கு 0.05 கிராம் என்று அளவு வைத்திருக்கிறது. ஆனால் அதே பிரிவில் வரும் 'போதையில் ஓட்டினார்' என்ற குற்றத்துக்கு எந்த அளவும் தேவையில்லை. 'தள்ளாடினார்' என்ற சொல் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. தள்ளாட்டம் குடியிலும் வரும், வயதிலும் வரும். 2011இல் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் மூச்சுக் கருவி காட்டிய அளவையே ஏற்க மறுத்தது. கருவிக்கே அவ்வளவு கண்டிப்பு என்றால் டார்ச் வெளிச்சத்தில் பார்த்த கண்ணுக்கு எவ்வளவு வேண்டும்?

குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள் செய்த விபத்துகளை வேலையில் நிறையவே பார்த்திருக்கிறேன். நான் கேட்பது இதுதான்: நடையை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது. நடக்கச் சொல்லும் முன் வயதையும் உடல் குறையையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வேலை செய்யும் ஊதுகருவி இல்லாமல் தடுப்பு போடக் கூடாது. இரத்தப் பரிசோதனை முடிவுக்கும் ஒரு காலக்கெடு வேண்டும்.

முழங்கால் பற்றிய டாக்டர் கடிதமும் இரத்தப் பரிசோதனை முடிவின் நகலும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)