சாம்பலை மூட்டையாய் விற்கும் முதலாளிமாருக்கு

மாதவரம், மணலி, வியாசர்பாடிப் பக்கம் அலுமினியம் உருக்கும் பட்டறைக்காரர்களுக்கு வணக்கம்.

22 வருடம் மூசை (உலோகம் உருக்கும் பாத்திரம்) முன்னால் நின்றவன் நான். முழங்கால் மக்கர் பண்ணவே வேலையை விட்டேன், அதனால் இனி யாருக்கும் பயந்து பேச வேண்டியதில்லை. சாம்பலைப் பற்றித்தான் பேச்சு. உருகிய அலுமினியத்தின் மேல் ஆடையாய்ப் படிவதை உலை வாயில் வழித்து, கொல்லைப்புறம் கொட்டி, ஆறினதும் மூட்டை கட்டி, வருகிறவர் சொன்ன விலைக்குத் தள்ளிவிடுகிறீர்களே, அந்த டிராஸ்.

கொட்டிய டிராஸ் நெருப்பே இல்லாமல் உள்ளிருந்து செக்கச்செவேல் என்று கனன்று, நடுவில் வெள்ளையாகப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பட்டறைப் பையன்கள் அதில் பீடி பற்றவைப்பார்கள். வேடிக்கைதான். ஆனால் அங்கே எரிவது கரியில்லை, அலுமினியம். காற்றுப் பட்டு வெள்ளைப் பொடியாகிக்கொண்டிருக்கிறது. அது தானாக ஆறட்டும் என்று விட்டால், ஆறும்வரை எரிவது உங்கள் காசு.

எரியாமல் மிஞ்சிய உலோகமாவது ஒன்று சேருமா என்றால், அதுவும் சேராது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன்மேல் படிகிற ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒவ்வொரு துளியும் முட்டை ஓட்டுக்குள் அடைந்த மாதிரி தனித்தனியே கிடக்கும். சூட்டோடு பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் ஓடு உடைந்து உலோகம் கீழே வடியும். காற்றும் அடைபட்டு, எரிவது நின்றுபோகும். அப்புறமும் உள்ளே நிற்பதைச் சுழல் உலையில் உப்புக் கலவையோடு போட்டு எடுக்கிறார்கள். பெரிய ஆலைகளில் இதெல்லாம் அன்றாட வேலை.

நம் பக்கம் நான் பார்த்தது வேறு. மூட்டையை வாங்கிப் போகிறவர் சுத்தியலால் இடித்துச் சலிப்பார். சல்லடையில் நிற்கிற அலுமினியக் குண்டுமணி அவருக்கு. கீழே விழுந்த பொடி கால்வாய்க் கரைக்கு. ஐப்பசி முதல் மழை அந்தக் குவியலில் விழுந்த அன்று தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. கக்கூஸ் நாற்றம் என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். அது அமோனியா. டிராஸில் இருக்கிற அலுமினியம் நைட்ரைடில் தண்ணீர் பட்டால் கிளம்புவது. மிச்ச அலுமினியம் நனைந்தால் ஹைட்ரஜனும் வரும். மூடிய கிடங்கில் அது வெடிக்கக்கூடிய சமாசாரம். 2016 அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் டிராஸும் இருக்கிறது. எனக்கே தெரியும்போது உங்கள் கணக்குப்பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்?

தனி ஆளுக்கு பிரஸ் கட்டுப்படியாகாது, சரி. சுவரோடு சுவராக நாலு பட்டறை இருக்கிற சந்துகள் நம் பக்கம் உண்டு. நாலு பேரும் சேர்ந்து ஒன்று வாங்கி நடுவில் வைக்கலாம். நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். வண்டி ஏற்றி அனுப்பினால் வழியிலேயே எரிந்துவிடும்.

பிழிந்து மிஞ்சியதை உரிமம் உள்ள மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். அதற்கு முன் பத்துக் கிலோ எடுத்து உருக்கிப் பார்த்து, எத்தனை கிலோ தேறுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கண் பார்வையிலேயே மூட்டை விலை சொல்கிறவர் உங்களைவிட நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்.

பிரஸ்ஸுக்குப் பணம் புரட்ட நாளாகும் என்றால், ஐப்பசிக்குள் கொல்லைப்புறத்து மூட்டைகளுக்கு மேல் நாலு தகரமாவது போட்டு, அடியில் மேடை கட்டுங்கள். தகரம் வேய நானே வருகிறேன், ஏணி மட்டும் வேறு யாராவது ஏறட்டும்.

இப்படிக்கு,
பழைய உலைக்காரன்