ஜெஸ் வீட்டாருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. பதற்றத்தில் கேட்காமலே விட்டுவிட்டோம். உங்கள் நாயை ஜெஸ் என்று கூப்பிட்டது மட்டும் காதில் விழுந்தது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

ஏப்ரல் மாதம், நியூசிலாந்தின் தெற்குத் தீவு. மவுண்ட் குக் போகும் 80-ஆம் எண் நெடுஞ்சாலையில், புகாக்கி ஏரிக்கரையோரம் நான்கு பெண்கள் பானட்டைத் திறந்துவைத்து நின்றோமே, அதில் ஒருத்தி நான். கோவையில் ஒன்றாகக் கல்லூரி படித்த தோழிகள். இருபது வருடம் தள்ளிப்போட்ட பயணம் அது. கிரைஸ்ட்சர்ச்சில் கார் எடுத்தோம். அங்கேயும் நம்மூர் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு டெகாப்போ வந்து, சாப்பிட்டு முடித்து, நட்சத்திரம் பார்க்க புகாக்கி ஏரிக்கரைக்கு வந்தோம்.

அந்த வானத்தை எப்படிச் சொல்வது! நம்மூரில் தெற்கே தாழ்வாக எட்டிப்பார்க்கும் அகத்திய நட்சத்திரம் அங்கே அஸ்தமிப்பதே இல்லை. மேற்கில் ஓரியன் விண்மீன் கூட்டம் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. மெகல்லன் மேகங்கள் என்று சொல்லும் இரண்டு விண்மீன் மண்டலங்களும் பிய்த்துப் போட்ட பஞ்சு போல வெறும் கண்ணுக்கே தெரிந்தன. போர்வையைப் போர்த்திக்கொண்டு பாட்டுக் கேட்டபடி இரண்டு மணி நேரம் கிடந்தோம். பாட்டுக்காகச் சாவியை ஆனிலேயே விட்டிருந்தோம். கிளம்பும்போது பேட்டரி செத்துக் கிடந்தது.

அங்கத்திய அவசர உதவி எண்ணான 111-ஐ அழைக்கலாம் என்றால் சிக்னல் இல்லை. குளிரில் ஒருத்திக்கு மூச்சிரைப்பு தொடங்கியது. இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. நாற்பது நிமிடத்தில் இரண்டு வண்டிகள் எங்களைக் கடந்து போயின. மூன்றாவதாக வந்தது உங்கள் பிக்கப்.

ஐயா, நீங்கள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, சட்டைக் கையால் பேட்டரி முனையைத் துடைத்தது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஜம்பர் கேபிளை மாட்டும்போது என்னையும் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். சிவப்பு முதலில். கறுப்பின் கடைசிக் கிளிப்பைச் செத்த பேட்டரியில் மாட்டக் கூடாது, எஞ்சினின் இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரி பக்கத்தில் பொறி பறந்தால் அதிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளும் என்றீர்கள். அந்த நேரத்திலும் அவ்வளவு பொறுமையாக.

அம்மா, நீங்கள் எங்கள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அவளிடம் போய், கைத்தாங்கலாக உங்கள் வண்டியில் ஏற்றி, ஹீட்டர் போட்டு, பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக்கொடுத்தீர்கள். உங்கள் தலையில் இருந்த மெரினோ கம்பளித் தொப்பியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டீர்கள். ஜெஸ் அவள் மடியில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. மூச்சு சீராகும்வரை அவள் கையை நீங்கள் விடவே இல்லை.

அப்புறம், வழியில் மறுபடி நின்றுவிட்டால் என்ன செய்வார்கள் என்று எங்கள் பின்னாலேயே ட்வைசல் ஊர் வரை வந்தீர்கள். பணம் கொடுக்க வந்தபோது என் கையை மூடிவிட்டு, இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

ட்வைசல் மோட்டல் அக்காவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நள்ளிரவு நெருங்கியும் அறையில் ஹீட்டர் போட்டு வைத்திருந்தீர்கள். நாங்கள் கேட்காமலே சூப் சுடவைத்துக் கொண்டுவந்தீர்கள்.

டெகாப்போவும் புகாக்கியும் இருக்கும் மெக்கன்சி பகுதி மக்களே, உங்களுக்கும்தான். மவுண்ட் ஜான் வானாய்வகத்துக்காக 1980-களிலிருந்தே தெருவிளக்கின் ஒளி மேலே போகாமல் மூடி போட்டு வைத்திருக்கிறீர்கள். 2012-இல் உங்கள் பகுதியில் 4,300 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பை இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். நாங்கள் பார்த்த அந்த வானம் நீங்கள் காத்துவைத்தது.

தோழி இப்போது நலம். அவள் இருப்பது ஊட்டியில். காலையில் பால் வாங்கப் போகும்போது அம்மா கொடுத்த தொப்பியைத்தான் போட்டுக்கொண்டு போகிறாள். துவைத்த பிறகும் உள்மடிப்பில் ஜெஸ்ஸின் கறுப்பு முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். அதை எடுக்க மனம் வரவில்லை என்கிறாள்.

அன்புடன்,
புகாக்கி ஏரிக்கரையில் நீங்கள் பார்த்த நால்வர்