திங்கட்கிழமை மட்டும் ஏன் காய்ச்சல்?

ஆசிரியருக்கு,

ஆரல்வாய்மொழிப் பக்கம் நூற்பாலைக்குப் போகிறவர், வார லீவு முடிந்து வந்த அன்று மட்டும் நெஞ்சு இறுகுது, உடம்பு சுடுது என்றால் அது வேலைக்கள்ளம் அல்ல. பஞ்சுத் தூசியில் கிராம்-நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் உண்டு. நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லின் டிஎல்ஆர்-4 என்ற ஏற்பி அதை உணர்ந்ததும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதங்கள் சுரந்து காய்ச்சல் கிளம்பும். மறுநாளும் அதே தூசி வந்தால், அந்தச் செல்கள் இந்தச் சுரப்பைத் தடுக்கும் புரதங்களைக் கூட்டிக்கொண்டு குறைவாகவே சுரக்கும். லீவில் இந்தப் பழக்கம் தளர்ந்துவிடும்.

வியாழக்கிழமை காய்ச்சல் இல்லையென்பதால் நுரையீரல் தப்பியதாக அர்த்தமில்லை. தூசி உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. வாரநடுவில் மருத்துவ முகாம் போட்டால் எல்லாம் நார்மலாகத் தெரியலாம். ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சு ஊதும் சோதனையை லீவு முடிந்த முதல் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் எடுத்து, முதல் நொடியில் ஊதும் காற்றின் அளவை ஒப்பிட வேண்டும். மெஷினில் படிந்த பஞ்சைக் காற்றடித்துப் பறக்கவிடுவதையும் நிறுத்தி, வாக்குவம் வைத்து உறிஞ்சலாம்.

– வாசகர், நாகர்கோவில்