முத்திரை போதும், உபதேசம் வேண்டாம்: அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர்களே,

கேட்காமலே வந்து விழும் ஆபாச விளம்பர மின்னஞ்சலின் தலைப்பு வரி 'செக்ஸுவலி எக்ஸ்ப்ளிசிட்' (வெளிப்படையான பாலியல் உள்ளடக்கம்) என்றுதான் தொடங்க வேண்டும் என்பது 2004 மே மாதத்திலிருந்து உங்கள் விதி. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். சிறுகோடு, முக்காற்புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து 19 எழுத்து. திறந்தவுடனே ஆபாசம் கண்ணில் படவும் கூடாது. தெரிந்தே மீறினால் 5 ஆண்டு வரை சிறை. கேட்டு வாங்குகிறவருக்கு அனுப்பினால் இந்தக் கெடுபிடி இல்லை.

இதை நான் குறை சொல்லவில்லை. வணிக விளம்பரத்தில் சர்ச்சைக்கு இடமில்லாத வெறும் தகவலைச் சொல்லவைக்கலாம் என்று 1985-ல் சௌடரர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. உள்ளே இருப்பது இன்னது என்று சொல்லும் முத்திரை அந்த வகைதான். (சட்டத்தை மதிக்காதவன் எந்த முத்திரையும் போடப்போவதில்லை, அது வேறு கதை.)

என் கவலை, இது எங்கே போய் நிற்கும் என்பதுதான். நான் இருக்கும் டெக்ஸாஸில் 2023-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆபாசத் தளங்கள் பார்ப்பவரின் வயதைச் சரிபார்க்க வேண்டும். கூடவே, ஆபாசம் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது நிரூபணமானது என்கிற ரீதியில் எச்சரிக்கைகளை மாநிலச் சுகாதாரத் துறையின் பெயரில், குறைந்தது 14 பாயிண்ட் எழுத்தில் போட வேண்டும். வயதுச் சரிபார்ப்பை 2025-ல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. எச்சரிக்கைகளோ அதற்கு முந்தைய ஆண்டே ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அடிபட்டுப் போயின. சர்ச்சையில் இருக்கும் கருத்தைத் தகவல் என்று சொல்லித் தளத்தின் வாயில் திணிக்க முடியாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, படம் மட்டுமல்ல, எழுத்தில் வர்ணித்தாலும் விதி பொருந்தும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் பாலியல் கல்விப் புத்தகம் விற்பவர் என்ன செய்வார்? 1983-ல் போல்ஜர் வழக்கில் ஓர் ஆணுறை நிறுவனம் வீடு வீடாகத் தபாலில் அனுப்ப நினைத்த துண்டறிக்கைகளில் பால்வினை நோய் பற்றிய விளக்கமும் இருந்தது. அந்தத் தபாலைத் தடுத்தது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். பிடிக்காதவர் குப்பையில் போட்டுவிட்டுப் போகலாமே. அதே துண்டறிக்கை இன்று மின்னஞ்சலில் போனால், சிறைக்குப் பயந்து அனுப்புகிறவரே ஆபாச முத்திரையைக் குத்திவிடுவார். அப்புறம் அதை யார் திறப்பார்கள்?

ஆகவே, அடுத்த முறை விதியைத் திருத்தும்போது, மருத்துவ, கல்வி விளக்கங்களுக்கு முத்திரை தேவையில்லை என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். முத்திரையோடு எச்சரிக்கையும் சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால், டெக்ஸாஸ் தீர்ப்பை எடுத்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
டெக்ஸாஸ்வாசி ஒருவர்