அப்பாவின் அரை பாட்டில்: கப்பல் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் விடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போதெல்லாம் ஐ-45 சாலையைப் பிடித்துக் கால்வெஸ்டனுக்குக் கூட்டிப்போய், துறைமுகத்தில் நிற்கும் உங்கள் கப்பல்களைத் தூரத்திலிருந்து காட்டுவேன். போன மார்ச்சில்தான் முதல்முறையாக அவர்களை ஒரு கப்பலில் ஏற்றினேன். ஏழு நாள் மேற்குக் கரீபியன் பயணம். எந்த நிறுவனத்தின் கப்பல் என்று சொல்லப் போவதில்லை. ஒரு நிறுவனத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பயணிகள் கையோடு கொண்டுவரும் மதுவைப் பற்றி நான் பேச வந்த விதி உங்களில் பலரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. இராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வெந்நீர் கலந்து ஒரு சின்ன கிளாஸ் பிராந்தி. நாற்பது வருடப் பழக்கம். அதற்கு மேல் ஒரு சொட்டு குடித்து நான் பார்த்ததில்லை. கப்பலுக்காக 375 மில்லி பாட்டில் ஒன்று வாங்கி, தன் துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். ஒளிப்பதற்காகச் சுற்றவில்லை, உடையாமல் இருக்கட்டும் என்றுதான். ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின் கொண்டுவரலாம் என்று படித்திருந்த நான், பிராந்திக்கும் அதே விதிதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

எக்ஸ்-ரே இயந்திரத்தில் பை போனதும் காவலர் கூப்பிட்டார். அவர் கேட்பதற்கு முன்பே அப்பா துண்டைப் பிரித்து, பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். அனுமதி இல்லை, அப்புறப்படுத்த வேண்டும் என்றார் காவலர். மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது வாங்கிக்கொள்கிறோமே என்று கேட்டேன். முடியாதாம். பாட்டில் பக்கத்திலிருந்த பெரிய தொட்டிக்குள் போனது, கண்ணாடி மோதும் சத்தம் கேட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை. துண்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பின்னால் வரிசை நின்றதால் நகர்ந்துவிட்டோம்.

நான்காம் நாள் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இறங்கிச் சுற்றிவிட்டுத் திரும்புகிறோம். எங்களுக்கு முன்னால் ஏறியவர் கையில் இரண்டு டெக்கீலா பாட்டில். ஊழியர்கள் வாங்கி, அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி, ரசீது கொடுத்தார்கள். கடைசி நாள் இராத்திரி அவர் அறைக்கே வந்துவிடும் என்றார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவருக்கு எடுத்து வைக்கிறாங்களே, நம்மளதை மட்டும் ஏம்ப்பா குப்பையில போட்டாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

பாதுகாப்பு என்று சொல்வீர்கள். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. குடித்துவிட்டு பால்கனிக் கம்பியில் ஏறுபவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கம்பி 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று 2010இல் அமெரிக்கா சட்டமே போட்டது. அறைக்குள் கணக்கில்லாமல் சாராயம் இருப்பது ஆபத்து என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் அப்பாவின் பாட்டிலை ஏழு இராத்திரிக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 54 மில்லிகூட வராது. நம் ஊர்க் கணக்கில் ஒரு லார்ஜ் பெக் 60 மில்லி. கார்னிவல் நிறுவனம் விற்கும், மொத்தமாகப் பணம் கட்டிக் குடிக்கும் ‘சியர்ஸ்’ மதுத் திட்டத்தில் ஒருவர் 24 மணி நேரத்தில் 15 மதுபானம் வரை வாங்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும், பாதுகாப்பு என்ற ஒரே காரணம் போதாது.

வருமானமும் காரணம் என்றால் அதை நேராகச் சொல்லுங்கள். டிக்கெட்டை இந்த விலைக்குத் தர முடிவதற்கு பார், கேசினோ, கரைச் சுற்றுலா எல்லாம் கைகொடுக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். தொழில் நடத்துகிறவர் சம்பாதிப்பதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அந்தத் திட்டத்தை விற்கும் முறையில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஓர் அறையில் ஒருவர் மதுத் திட்டம் வாங்கினால் அந்த அறையில் உள்ள வயது வந்தவர்கள் எல்லாரும் வாங்க வேண்டும். கார்னிவலிலும் ராயல் கரீபியனிலும் இதுதான் விதி. ஒருவர் பெயரில் வாங்கி இரண்டு பேர் குடித்துவிடக் கூடாது என்பதற்காக என்பது புரிகிறது. என் அம்மா வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருப்பவர். குழம்பில் பூண்டு விழுந்தால்கூட அன்றைக்கு அதைத் தொடமாட்டார். அப்பாவின் ஒரு கிளாஸுக்காக அம்மா தன் பெயரில் ஏழு நாளைக்கும் மதுத் திட்டம் வாங்க வேண்டும், சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காரணம் இருந்தால் விலக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். குடிப்பதில்லை என்று ஒரு பெண் சொல்வதற்கு மருத்துவரின் துணை எதற்கு? நான் அந்தத் திட்டத்தை வாங்கவில்லை. அப்பா பார் பக்கம் போய் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கிளாஸ் ஆயிரத்து இருநூறா" என்று திரும்பி வந்துவிட்டார். ஏழு இராத்திரியும் வெறும் வெந்நீர்தான்.

ஒயினுக்கு வாசல் திறந்திருக்கிறது. கார்னிவலில் 21 வயதுக்கு மேற்பட்டவர் ஏறும் நாளில் 750 மில்லி பாட்டில் ஒன்று கையோடு கொண்டுவரலாம். நார்வீஜியனில் கார்க்கேஜ், அதாவது வெளியிலிருந்து வரும் பாட்டிலுக்கான கட்டணம், கட்டிக் கொண்டுவரலாம். டிஸ்னி ஒயினோடு பீருக்கும் இடம் கொடுக்கிறது. ஒயின் குடிக்கும் குடும்பத்துப் பெரியவர் தன் பாட்டிலோடு சாப்பாட்டு மேசைக்கு வந்து கௌரவமாக உட்கார்கிறார். ஒயினே பழகாத ஊரிலிருந்து வந்தவர் தன் பாட்டிலைத் தொட்டியில் போட்டுவிட்டு வருகிறார்.

இதை எழுதத் தூண்டிய இன்னொன்றும் உண்டு. பயணத்தின் இரண்டாம் நாளே பக்கத்து மேசை இளைஞர்கள் தாங்கள் வோட்கா கொண்டுவந்த கதையைச் சொன்னார்கள். வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் ஊற்றி, பச்சைச் சாயம் ஒரு சொட்டு கலந்து, மூடியை மறுபடி ஒட்டிவிட்டார்களாம். யாரும் கேட்கவில்லை. சன்ஸ்கிரீன் குழாய் போல வடிவம் செய்த குப்பிகள் இணையத்தில் வெளிப்படையாகவே விற்கின்றன. தண்ணீர் பாட்டிலில் இப்படி ஊற்றிக் கொண்டுவருகிறார்கள் என்பதால் 2015 ஜூலையில் கார்னிவல் பாட்டில் தண்ணீரையே தடை செய்தது. ஒளித்தவர்களால் ஒளிக்காதவர்களின் தண்ணீரும் போனது. பாரில் வாங்குகிற ஒவ்வொரு கிளாஸும் பயணிக்குக் கப்பலில் தரும் அட்டையில் பதிவாகிறது. அளவு மீறினால் ஊழியர் போதும் என்று சொல்ல முடிகிறது. அறைக்குள் ஒளித்துக் குடிப்பவரை நிறுத்த யாரும் இல்லை. எடுத்துக் காட்டியவர் இழந்தார், ஒளித்தவர் குடித்தார். உங்கள் விதி இப்படி நடப்பதற்கு இடம் தரக் கூடாது.

இதைச் சரிசெய்யப் புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம். டெக்கீலா பாட்டிலுக்குச் சீட்டுக் கட்டுகிற ஊழியர், பூட்டி வைக்கிற அறை, திருப்பித் தருகிற முறை எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. ஏறும் வாசலிலும் அதையே செய்யுங்கள். வயது வந்த ஒருவருக்கு 375 மில்லிக்கு மேற்படாத, முத்திரை பிரிக்காத ஒரு பாட்டில். அது பாரிலேயே இருக்கட்டும். கேட்கும்போது உங்கள் ஆளே ஊற்றிக் கொடுக்கட்டும்; ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதட்டும். அதற்குக் கட்டணம் வாங்குங்கள், 20 டாலர் என்றாலும் கொடுத்திருப்பேன். அதுவும் முடியாது என்றால், கொண்டுவந்த பாட்டிலைக் கடைசி நாள் திருப்பிக் கொடுக்கவாவது செய்யுங்கள்.

அறையில் எல்லாரும் வாங்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுங்கள். பகிர்ந்து குடிப்பவரைப் பிடிக்க உங்களிடம் அட்டையும் பயணியின் படமும் இருக்கின்றன. குடிக்காதவரிடம் அதற்காகப் பணம் வாங்காதீர்கள். முன்பதிவின்போதே எது வரலாம், எது வரக் கூடாது என்பதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். நான் அன்றைக்கு அதைப் பார்த்திருந்தால் அப்பாவை அந்த வரிசையில் அப்படி நிற்க வைத்திருக்கமாட்டேன்.

டிசம்பரில் இருவரும் மறுபடி வருகிறார்கள். அம்மாவுக்குக் கடல் பிடித்துவிட்டது, இன்னொரு தடவை போகலாமா என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. முன்பதிவு செய்வதற்கு முன் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஹூஸ்டனிலிருந்து ஒரு பயணி